மலட்டுப் பெட்டை

மலடு என்னும் சொல்லை அகராதியில் தேடுவோர் அதற்கு ஆண்பாலும் உண்டு, பெண்பாலும் உண்டு என்பதைக் காண்பர். ஆயின் மலடன் என்ற சொல் அகராதியிலேயே உறங்கிக் கிடக்கிறது. மலடி என்ற சொல்லோ வீதியெங்கும் நடமாடுகிறது. கலியாண வீட்டில் ஆராத்தித் தட்டைத் தொடத்தக்கவள் யார், ஒதுங்கி நிற்கவேண்டியவள் யார் என்பதை இன்றும் பல இடங்களில் அச்சொல்லே தீர்மானிக்கிறது. விலங்குகளுக்கும் இதே தீர்ப்புத்தான். கன்று ஈனாத பசு மலட்டுப் பசு. அதனோடு சேர்க்கப்பட்ட காளையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. மொழியில் உள்ள இந்தச் சாய்வு மொழியோடு நின்றுவிடுமானால் அதனை இலக்கண ஆசிரியர்களின் கவலையென்று விட்டுவிடலாம். அது அவ்வாறு நிற்பதில்லை. காரணத்தைத் தேடவேண்டிய இடத்தில் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துத் தேடலையே நிறுத்திவிடுகிறது. இதனை எமக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு நாய்க்கு நேர்ந்த கதியும், அதன்பின் நாம் தேடிப் படித்த ஒரு கிருமியின் வரலாறும் ஆகும்.

வடபகுதிச் சிறு பட்டினமொன்றில் நாம் படிப்பித்த காலத்தில், எமது வாடகை வீட்டிற்கு அடுத்த வளவில் நாய் வளர்த்து விற்கும் தொழில் நடந்து வந்தது. அவற்றைச் ‘சாதி நாய்’ என்றே எல்லோரும் அழைத்தனர். மனிதரைப் பிடித்து ஆட்டும் சொல் நாயையும் விட்டுவைக்கவில்லை. உரிமையாளர் இளைப்பாறிய உத்தியோகத்தர், கொடியவர் அல்லர். ஓய்வூதியத்தைக் கொண்டு வீட்டையும் நடத்தி, வெளியூரிற் படிக்கும் மகளுக்குப் பணமும் அனுப்ப இயலாத நிலையில் இத்தொழிலில் இறங்கியவர். அவரிடமிருந்த லாப்ரடோர்ப் பெட்டையை அதே பட்டினத்தில் வேறொருவர் வைத்திருந்த கடுவனோடு சேர்ப்பது வழக்கம். அதற்குக் கூலி, பிறக்கும் குட்டிகளுள் ஒன்று. அந்தக் கடுவன் இவ்வாறு பல வீடுகளுக்கும் சென்று வந்தது.

முதன்முறை அப்பெட்டை சினைப்பட்டு, குட்டி போடுவதற்கு ஏறத்தாழப் பத்து நாள்கள் இருக்கையில் செத்த குட்டிகளைப் போட்டது. அடுத்த பருவத்தில் வயிறு கனக்கவேயில்லை. மூன்றாம் முறை இரண்டு குட்டிகள் உயிரோடு பிறந்தன; இரண்டும் மூன்றாம் நாளைக் காணவில்லை. இவ்வளவுக்கும் பெட்டை நன்றாகத் தின்றது, ஓடியது, படலையடியில் நின்று குரைத்தது. நோயின் அடையாளம் எதுவும் அதன் உடலில் வெளிப்படையாகத் தெரியவில்லை. ஒரு நாள் மாலை அதனை ஓட்டோவில் ஏற்றிச் சென்று சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார்கள். நாம் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதில் இது: “மாஸ்ரர், உது மலடு. சும்மா சோறு போட்டு என்ன பிரயோசனம்?”

அவ்வளவில் நாய்க்கூடு கழுவுவதற்கு எமது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பின்னேரங்களில் சென்று வந்தான். தகப்பனை இழந்த பிள்ளை. கிடைக்கும் கூலி கொப்பிக்கும் பேனைக்கும் உதவியது. செத்துப் பிறந்த குட்டிகளையும் அவற்றோடு வந்த இரத்தத்தையும் நீரையும் வெறுங்கையால் அள்ளிக் கொண்டுபோய் வேலியோரம் புதைத்தவன் அவனே. ஒரு நாள் வகுப்பில் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் அவன் எழுந்து கேட்டான்: “சேர், அந்தக் கடுவனை ஏன் ஒருத்தரும் மலடு எண்டு சொல்லேல்லை? அது போன வேறை ரண்டு வீட்டிலையும் பெட்டையள் குட்டி போடேல்லை.” வகுப்புச் சிரித்தது. ஆனால் சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. அவன் அவ்வீடுகளிலும் கூடு கழுவியவன். மூன்று இடங்களையும் கண்ணாற் கண்டவன். மூன்று வீட்டுத் துன்பத்திற்கும் பொதுவாக இருந்தது எது என்று கேட்டான். தொற்றுநோயை ஆராய்வோர் முதலிற் கேட்கும் கேள்வியும் அதுவேயாம்.

அந்தப் பெட்டைக்கு என்ன நோய் என்று எவரும் பரிசோதிக்கவில்லை. ஆதலின் நோய்க்குப் பெயர் சூட்ட நாம் முன்வரவில்லை. பரிசோதிக்கவேண்டும் என்ற எண்ணமே ஒருவர்க்கும் ஏன் எழவில்லை என்பதே எம்மைத் தொட்ட வினா. ‘மலடு’ என்று சொன்னவுடன் விசாரணை முடிந்துவிட்டது. விசாரணை முடியாமல் தொடர்ந்த இடமொன்றின் கதையை இனிப் பார்ப்போம்.

1960களில் ஐக்கிய அமெரிக்காவின் ஆய்வுகூடங்களுக்குப் பீகிள் என்னும் சிறு இன நாய்கள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டன. உருவிற் சிறியது, குணத்திற் சாதுவானது என்பதற்காகவே அவ்வினம் சோதனைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. அவற்றைக் கூட்டங்கூட்டமாக அடைத்து இனம்பெருக்கும் கூடங்கள் எழுந்தன. அக்கூடங்களிற் பெட்டைகள் திடீர் திடீரெனக் கருச்சிதைவுற்றன. கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீலண்ட் கார்மைக்கல் என்ற மிருக வைத்திய விஞ்ஞானி இதனை ஆராய்ந்து, 1966இல் 200 பீகிள்களின் கருச்சிதைவு பற்றி எழுதினார். சிதைந்த கருவிலிருந்து அவர் பிரித்தெடுத்த பற்றீரியாவே ‘புரூசெல்லா கானிஸ்’ எனப் பெயர் பெற்றது. இத்தனை பெட்டைகளும் ஒருங்கே மலடாக முடியாது என்பதை அங்கு எண்ணிக்கையே எடுத்துக் காட்டிற்று. ஒரே வீட்டில் ஒரே பெட்டையாக இருந்திருப்பின் அங்கும் அந்தப் பழைய சொல்லே போதுமானதாக இருந்திருக்கும்.

இக்கிருமி உடலிற் புகும் வழி பெரும்பாலும் வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் மென்சவ்வும் இனப்பெருக்க உறுப்புமாகும். கருச்சிதைவின்போது வெளியேறும் கழிவில் அது கோடிக்கணக்கில் நிறைந்திருக்கும். சிதைவுக்குப் பின்னரும் சில வாரங்கள்வரை கசிவு தொடரலாம். அதனை முகரும், நக்கும் நாய்களுக்கெல்லாம் தொற்று ஏற்படும். நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள்கள். இந்நோயுற்ற பெட்டை பெரும்பாலும் 45ஆம் நாளுக்கும் 59ஆம் நாளுக்கும் இடையிற் கருவை இழக்கும். சில வேளைகளிற் கரு மிக இளம் பருவத்திலேயே அழிந்து உடலோடு கரைந்துவிடும். அப்போது சினைப்படவேயில்லை என்று பார்ப்போர் நினைப்பர். சில குட்டிகள் உயிரோடு பிறந்து சில நாளில் இறக்கும். பிழைத்த குட்டி கிருமியைச் சுமந்துகொண்டே விற்பனைக்குச் செல்லும். இவ்வளவு நடந்தும் தாய்க்குக் காய்ச்சல் வருவது அரிது.

கடுவனின் உடலில் நடப்பது இதனினும் கவனிக்கத்தக்கது. கிருமி விதைப்பையினுள் உள்ள விந்துக் குழாய்ச் சுருளைத் தாக்குகிறது. முதலில் வீக்கமும் நோவும். காலப்போக்கில் விதை சுருங்கிப் போகும். விந்தணுக்கள் வால் வளைந்தும் தலை சிதைந்தும் உருக்குலையும். இவற்றோடு இன்னொன்றும் நிகழ்கிறது: உடலின் காவற்படை தன் சொந்த விந்தணுக்களையே பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. இவ்வாறு மலடான கடுவன், விந்து வழியாகவும் சிறுநீர் வழியாகவும் மாதக்கணக்கிற் கிருமியைப் பரப்பும். வெளிப்பார்வைக்கு அது கம்பீரமாகவே நிற்கும். தாய் நாய் பருவமொன்றில் ஒரு வீட்டிற்கே துன்பம் தரக்கூடும். கடுவனோ போகும் வீடெல்லாம் துன்பத்தைக் கொண்டு செல்கிறது. எமது மாணவனின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை இப்போது வாசகர் உணர்வர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குட்டி பிறவாமைக்கெல்லாம் இக்கிருமியையே காரணமாக்குவது பழைய தவறைப் புதிய பெயரிற் செய்வதாகும். பெட்டை நாய் ஒரு பருவத்திற் கருவுறக்கூடிய நாள்கள் சிலவே. அந்நாள்களைத் தவறவிட்டுச் சேர்ப்பதே, மலடு என்று தோன்றும் நிலைக்கு மிகப் பொதுவான காரணம் என்பர் மிருக வைத்தியர். நாள் குறித்தவர் மனிதர். பழி சுமப்பது பெட்டை! கருப்பையிற் சீழ் கட்டுதல், வேறு பற்றீரியாக்களின் தொற்று, சுரப்பிகளின் கோளாறு என வேறு காரணங்களும் உள. இவற்றைப் பிரித்தறியப் பரிசோதனை ஒன்றே வழி.

பரிசோதனையும் ஒரேநாளில் முடிந்துவிடுவதன்று. தொற்றிய முதற் சில வாரங்களில் இரத்தம் எதனையும் காட்டாது. ஆகவே இடைவெளி விட்டு மீண்டும் பார்க்கவேண்டும். சில பரிசோதனைகள் நோயற்ற நாயையும் நோயுற்றதாகக் காட்டிவிடக்கூடும். எனவே ஒன்றை மற்றொன்றால் உறுதிப்படுத்தவேண்டும். நோய் உறுதியானால் மருந்து உண்டு. டொக்சிசைக்கிளினோடு வேறொரு நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து வாரக்கணக்கிற் கொடுக்கின்றனர். ஆயின் இக்கிருமி உடலின் கலங்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வது. மருந்து நின்றபின் மீண்டும் தலைகாட்டக்கூடும். நாய்களுக்கு இதற்கான தடுப்பூசி இல்லை. எனவே நோயுற்ற நாயை இனப்பெருக்கத்திலிருந்து நிரந்தரமாக விலக்குவதே அடிப்படை விதி. பெரிய கூடங்களில் அதனைக் கொன்றுவிடும்படியே பெரும்பாலும் ஆலோசனை கூறப்படுகிறது.

இந்த இடத்திலேதான் விஞ்ஞானம் சந்தையைச் சந்திக்கிறது. நேர்மையாகப் பரிசோதித்து நோயை வெளிப்படுத்துபவர் தமது நாய்களையும் நற்பெயரையும் வருமானத்தையும் ஒருங்கே இழக்கிறார். மறைப்பவரோ பெட்டையைத் துரத்திவிட்டு, மிஞ்சிய குட்டிகளை விற்றுவிட்டு, வேறொரு பெட்டையை வாங்கிக்கொள்கிறார். கடுவனுக்குரியவர் கூலியை இழக்க விரும்புவதில்லை. உண்மையைச் சொல்வோனைத் தண்டித்து மறைப்போனுக்குப் பரிசளிக்கும் தொழில்முறையில் நோய் பரவாதிருந்தாலே வியப்பு. தனிமனிதரின் குணத்தை மட்டும் பழித்து இதற்குத் தீர்வு காணவியலாது. எமது அயலவரும் மகளின் படிப்புச் செலவுக்காகவே கணக்குப் பார்த்தார்.

வணிகம் எல்லை கடந்தால் கிருமியும் எல்லை கடக்கும். 2020இற்குப் பின் பிரித்தானியாவில் இந்நோயுற்ற நாய்கள் முன்னெப்போதும் இல்லாத அளவிற் கண்டறியப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, சிறப்பாக ருமேனியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை, அல்லது அவற்றோடு தொடர்புற்றவை. கைவிடப்பட்ட தெருநாய்கள் என்ற இரக்கத்தால் வாங்கப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. 2021இல் அங்கு, ஆய்வுகூடங்கள் நாய்களில் இக்கிருமியைக் கண்டால் அரசாங்கத்திற்கு அறிவிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இரக்கம் நல்லதே, ஆயினும் புறப்படுமுன் செய்யும் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது.

இனி, கூடு கழுவும் கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்கிருமி மனிதருக்கும் தொற்றக்கூடியது. அடிக்கடி நிகழ்வதன்று, ஆயினும் நிகழ்கிறது. நாய் வளர்ப்போர், மிருக வைத்தியர், ஆய்வுகூட ஊழியர், கூடங்களிற் கூலிவேலை செய்வோர் ஆகியோரே முதலில் ஆபத்துக்கு உள்ளாவோர். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்தல், மூட்டு நோவு, தலையிடி, சோர்வு என்பன குறிகள். இவை எந்தக் காய்ச்சலுக்கும் உரியவை. இவற்றோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதரில் ஏனைய புரூசெல்லாக் கிருமிகளைக் கண்டறிய வழக்கமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை, இக்கிருமியின் வெளிப்போர்வை வேறுபட்டதாகலின், இதனைக் காட்டாது. ஆகவே நோயாளி தன் தொழிலைச் சொல்லவேண்டும். வைத்தியர் அதனைக் கேட்கவேண்டும். கூலிக்காரனிடம் “என்ன வேலை செய்கிறாய்?” என்று நின்று கேட்பதற்கு எத்தனை மருத்துவமனைகளில் நேரமிருக்கிறது? எமது மாணவன் நோயுறாது தப்பினான். அவனைக் காத்தது எந்த ஏற்பாடும் அன்று. ஒரு சோடி இறப்பர்க் கையுறைகூட அவனுக்கு எவரும் கொடுத்ததில்லை.

யாருடைய உடல் முதலிற் காக்கப்படுகிறது என்ற கேள்வி இக்கிருமிக் குடும்பத்தின் பெயரோடேயே பிறந்தது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ற்றாத் தீவு பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தபோது, அங்கிருந்த படைவீரர் ஒருவகைக் காய்ச்சலால் வருந்தினர். டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் 1887இல் இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தார். அவர் பெயராலேயே குடும்பம் வழங்குகிறது. ஆயின் நோய் எங்கிருந்து வருகிறது என்பதை 1905இற் கண்டவர் தெமிஸ்தோக்கிள்ஸ் சாமிற் என்னும் மால்ற்றா நாட்டு வைத்தியர். நோயற்றனபோல நின்ற ஆடுகளின் இரத்தத்தை அவர் பரிசோதித்தார். வீடுதோறும் கறந்து விற்கப்பட்ட ஆட்டுப்பாலே காரணம் என்பது தெளிவாயிற்று. 1906இற் படைவீரரின் உணவிலிருந்து அப்பால் நீக்கப்பட்டது. பாசறையில் நோய் விரைந்து வீழ்ந்தது. தீவின் மக்களோ அதே பாலைக் குடித்துப் பல பத்தாண்டுகள் அதே நோயால் வருந்தினர். ஆடு ஏழையின் சொத்து. பால் ஏழையின் உணவு. மாற்றுணவை வழங்காமல் விலக்கு மட்டும் விதிப்பது அவர்களுக்குப் பயன்படவில்லை. கிருமியைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம். அவ்வறிவை எல்லோர் வீட்டு வாசலுக்கும் கொண்டு சேர்ப்பது வேறொரு காரியம்.

இதே குடும்பத்தின் வரலாற்றில் இன்னொரு பெண்ணின் பெயரும் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி அலிஸ் ஈவன்ஸ், பசுவிற் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியும் மால்ற்றாக் காய்ச்சற் கிருமியும் நெருங்கிய உறவுடையன என்று 1918இல் எழுதினார். காய்ச்சாத பாலின் ஆபத்தை எடுத்துரைத்தார். பால் வணிகர் மறுத்தனர். கலாநிதிப் பட்டமில்லாத ஒரு பெண் சொல்வதை ஏற்க விஞ்ஞானிகளிலும் சிலர் தயங்கினர். 1922இல் அக்கிருமி அவரையே தொற்றியது. நீண்டகாலம் வருந்திய அவருக்கு வைத்தியர் முதலிற் சூட்டிய பெயர் நரம்புத் தளர்ச்சி என்பதாகும். பெட்டைக்கு மலடு, பெண்ணுக்கு நரம்புத் தளர்ச்சி. காரணத்தைத் தேடும் சிரமத்தைத் தவிர்க்க விரும்புவோர்க்குச் சொற்கள் எக்காலத்தும் கைகொடுத்தே வந்துள்ளன.

பசுவின் விடயத்தில் நிலைமை பின்னர் மாறியது. 1934இல் அமெரிக்க அரசாங்கம் நோயுற்ற பசுக்களை அகற்றி உரியவர்க்கு நட்டஈடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அப்போது நோயை வெளியிற் சொல்வது விவசாயிக்கு அழிவாக இருக்கவில்லை; ஆதலின் நோயும் படிப்படியாகக் குறைந்தது. பால் எல்லோரும் குடிப்பது. ஆகவே அரசு செலவு செய்தது. நாய்க்குட்டியோ ஆடம்பரப் பொருள். அவ்வளவு விரிவான திட்டம் அதற்கு எழவில்லை. ஆயினும் மறைப்பதிலே இலாபமும் சொல்வதிலே நட்டமும் இருக்கும்வரை தொற்று ஒழியாது என்ற பாடம் இரண்டிற்கும் பொதுவானதே.

ஆசிரியராகிய நாம் இதில் என்ன செய்யலாம்? விலங்கியல் ஆசிரியர் தொற்றின் வழியை விளக்கலாம். தமிழாசிரியர் சொல்லின் வழியை விளக்கலாம். இரண்டு பாடங்களும் ஓரிடத்திற் சந்திக்கும். நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். கூடு கழுவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சேர்ப்பதற்கு முன் பெட்டையோடு கடுவனையும் பரிசோதிக்கவேண்டும். புதிதாக வந்த நாயைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்து இருமுறை பார்க்கவேண்டும். சிதைந்த கருவை வெறுங்கையாற் தொடலாகாது. அதனை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். இடத்தைக் கிருமிநீக்கி கொண்டு கழுவவேண்டும். கழுவியவருக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் தன் வேலையைச் சொல்லவேண்டும். இவை பெரிய விஞ்ஞானங்கள் அல்ல. பத்து நிமிடத்திற் சொல்லக்கூடியவை.

பழைய சொல்லை ஒரே நாளில் மொழியிலிருந்து அகற்றிவிட முடியாது. அகற்றினாலும் வேறொரு சொல் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அச்சொல்லை எவரேனும் உச்சரிக்கும்போது எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேட்கும் மாணவரை நாம் உருவாக்கலாம்: பரிசோதித்தீர்களா? கடுவனையும் பரிசோதித்தீர்களா? கழிவை அள்ளியது யாருடைய கை? இக்கேள்விகளுக்கு விடையளிக்காதவரை, மலடு என்ற தீர்ப்பை நாயின் மீதோ மாட்டின் மீதோ மனிதர் மீதோ எழுத எவருக்கும் உரிமை இல்லை.